ஐந்து மணித்தியாலமும் மூன்று நாள் காய்ச்சலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் அப்பாவும் மாதாவின் காவலில் சுகமாயிருக்க வேண்டும். டோகாவில் நான் சுகம்.

உங்களிடம் விட்டுவந்த என் மகள் ஜெனிஷாவுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததை, அது விட்ட பிறகுதான் போனில் சொன்னீர்கள். "கடலில நிக்கிற ஆளுக்கு வீட்டு வருத்தம் சொல்லக்கூடாது பிள்ளை. நீயும் அப்படித்தான். தேவையெண்டா கூப்பிடலாம், பிளேனில ஐஞ்சு மணித்தியாலம்தானே, அப்பா வலை இழுத்து வாற நேரம்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவு கிடைக்க ஒரு நாள், கொழும்பிலிருந்து நம் ஊர் நாயாற்றுக்கு பஸ்ஸில் இன்னும் ஒன்பது மணித்தியாலம். அது டெங்குவாக இருந்திருந்தால் அவ்வளவு நேரம் பொறுக்குமா?

இரத்தம் சோதித்த துண்டைப் படமெடுத்து அனுப்புங்கோ. அவள் கதைப்பதையும் பதிந்து அனுப்புங்கோ. பகலிலும் நுளம்பு வலை கட்டுங்கோ.

இனி உடம்பு சுட்டால் உடனே சொல்லுங்கோ. அவள் சுகமாகி விளையாடும்போது நான் வீணாக வந்து இறங்கினாலும் பரவாயில்லை. பிந்தி வந்து இறங்க மட்டும் என்னால் ஏலாது.

அவசரமாக,
மகள் டிலக்சனா