மரக்காலையில் தங்கிய சிறுத்தை

ராத்தா,

நேற்று ருவான்வெல்லை பஜாரில் கண்ணுக்கு விடும் மருந்து வாங்கினேன். கூடவே ஒரு கண்ணாடிச் சொட்டுக்குழாய் தந்தார்கள், தலையில் சின்ன ரப்பர் குமிழ் வைத்தது. கடைவாசலில் நின்று அந்தக் குமிழை ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். ஆட்டுப்பால் வாசம் வந்தது. புதுக்குழாயில் ஏது பால்வாசம்? ஆனாலும் வந்தது. பஸ் வரும்வரை உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

உங்களிடம் நான் முதலில் வந்தது இரண்டு அணில் குஞ்சுகளோடு. இப்படியொரு சொட்டுக்குழாயில்தான் நீங்கள் அவற்றுக்கு ஆட்டுப்பால் ஊட்டினீர்கள். அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை எங்களிடம்தான் விட்டுப்போவார்கள். பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று வைத்த வருடம் அது. சாய்ந்த மரத்திலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பால்வெட்டுக்காரி ஒருத்தி என் மடியில் போட்டாள். "நீதானே புள்ளைங்க பாக்கிறவ, இதையும் பாரு" என்று சிரித்துவிட்டுப் போனாள். யாரோ உங்கள் மரக்காலையைச் சொன்னார்கள்.

முதலாளி, உங்கள் கணவர், உயிரோடு இருந்த காலத்தில் பலகை அறுத்து விற்ற இடம் அது. அவர் மௌத்தான பிறகு நீங்கள் அறுக்கும் வாளை நிறுத்திவிட்டு, மரம் அடுக்கிய கொட்டில்களில் கூண்டு வைத்திருந்தீர்கள். மின்சாரக் கம்பியில் அடிபட்ட குரங்கு, நாய் கடித்த மரநாய்க் குட்டி, சிறகு முறிந்த பறவைகள். நாட்டைவிட்டுப் போன தோட்டத் துரை ஒருவர் விட்டுச்சென்ற வெளிநாட்டுக் கிளியும் இருந்தது. மற்றவை தேறியதும் காட்டுக்கு விடுவீர்கள். கிளியைக் காட்டி நான் கேட்டபோது, "இதுக்குத் திரும்பிப் போகக் காடு இல்ல புள்ள. இங்கயே இரிக்கட்டும்" என்றீர்கள்.

ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, "இவ்வளவு காலம் மரத்த அறுத்துத் தின்ட வீடு இது. மரத்தில இருந்ததுகளுக்கு இதில கொஞ்சம் எடம் கொடுக்க ஏலாதா?" என்றீர்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரத் தொடங்கினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்கூட, "நம்ம மரவள்ளியத் தின்னுட்டுப் போற சாதிக்கு நீ சோறு போடுறியா?" என்று கேட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் நாங்கள் நட்டதையெல்லாம் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிடும். தோட்டச் சம்பளத்தில் ஓடாத நாட்களை அந்தக் கிழங்குதான் ஓட்டியது.

அப்புறம் அந்தக் காலை. காட்டோரம் பால் வெட்டப் போனவர்கள் ஓடிவந்தார்கள். பன்றிக்குக் கட்டிய கம்பியில் சிறுத்தை மாட்டியிருக்கிறது, உயிரோடு. நான் ஒரு த்ரீவீலரில் உங்களிடம் ஓடிவந்தேன். பொலிஸ் ஸ்டேசனுக்கு யார் சொல்வது என்று எங்கள் ஆட்கள் தயங்கி நின்றதைச் சொன்னேன். யுத்த காலம். ஒரு தமிழன் சிங்கள ஊர் ஸ்டேசனுக்குள் போய், "தோட்டத்தில் கொட்டியா இருக்கு" என்று எப்படிச் சொல்வான்? புலிக்கும் அந்தச் சொல்தான், இயக்கத்துக்கும் அந்தச் சொல்தான். நீங்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "கொட்டியா என்டு செல்ல வேணாம். திவியா என்டு செல்லோணும். வாங்க, நான் செல்றன்" என்றீர்கள். சிறுத்தைக்குச் சிங்களத்தில் தனிச்சொல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஸ்டேசனிலிருந்தே மிருக டாக்டருக்கும் போன் போட வைத்தீர்கள்.

பொலிஸ்காரரோடு நாம் போய்ச் சேர்ந்தபோது தோட்டமே அங்கே கூடியிருந்தது. கம்பி சிறுத்தையின் இடுப்பைச் சுற்றி இறுகியிருந்தது. ஆள் ஒரு எட்டு முன்னே வைத்தால் அது எகிறும், எகிற எகிறக் கம்பி உள்ளே போகும். நீங்கள் கத்தவில்லை. தோட்டத்தின் தேயிலைப் பக்கமிருந்து வந்த கொழுந்துப் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்குகளை அவிழ்க்கச் சொன்னீர்கள். "அதுக்கு நம்மட மொகம் தெரியக் கூடாது. மறைச்சுப் புடிங்க புள்ளைகள்." நாங்கள் வரிசையாக நின்று படங்கைத் திரைபோலப் பிடித்தோம். கை கடுத்தால் அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். மெல்ல மெல்ல உறுமல் அடங்கியது. மறைப்புக்கு இப்பால் எங்களுக்கு அதன் மூச்சு மட்டும் கேட்டது. சிரித்த பெண்கள்தான் அன்று படங்கு பிடித்தார்கள், ராத்தா. அதை நீங்கள் பிறகு எத்தனையோ பேரிடம் சொன்னீர்கள்.

டாக்டர் ஜீப்பில் வந்தார். மயக்க ஊசி போட்டாலும் உடனே படுக்காது, முதலில் வெறிகொண்டு இழுக்கும் என்றார். கம்பியின் மறுமுனை புதருக்குள் எங்கோ போய் மறைந்திருந்தது. கட்டு தாங்குமா, அறுந்துவிடுமா என்று தெரியாமல் கிட்டே போக முடியாது. அறுந்தால் அது கூட்டத்துக்குள்தான் பாயும். கட்டியவனுக்குத்தான் தெரியும். கட்டியவன் வாயைத் திறந்தால் பக்கத்தில் பொலிஸ். கம்பி கட்டுவதே குற்றம்.

நீங்கள் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னீர்கள்: "கட்டின ஆள் யாரென்டு எனக்குத் தேவல்ல. நான் அதக் கேக்கவும் மாட்டன். இந்தக் கட்டு தாங்குமா இல்லையா என்டு தெரிஞ்ச ஒராள் இருந்தா, வந்து செல்லுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்தார். பால் வெட்டும் கத்தி இன்னும் கையில் இருந்தது. என் வீட்டுக்காரர்.

"தாங்கும்ங்க. லொறி கிளச் கேபிள். புதருக்குள்ள பெரிய பலாவேர் இருக்கு, அதுல சுத்திக் கட்டியிருக்கு. அறாதுங்க." கொஞ்சம் நிறுத்தி, "மேல பாதையில இன்னும் ரெண்டு இருக்கு. டாக்டர் ஐயாவ அந்தப் பக்கமாப் போக வேணாம்னு சொல்லுங்க" என்றார்.

விடியற்காலையிலிருந்து அவர் வாய் திறக்காமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பொலிஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, இவன் யார் என்று சிங்களத்தில் கேட்டார். நீங்கள் கண் இமைக்கவில்லை. "எங்கட மரக்காலையில வேல செய்யிற ஆள். கம்பி வேல தெரிஞ்சவர். நான்தான் வரச் சொன்னன்" என்று அதே சிங்களத்தில் பதில் சொன்னீர்கள். என் வீட்டுக்காரருக்கும் சிங்களம் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

ஊசி போட்டார்கள். கட்டு தாங்கியது. மயங்கியதும் டாக்டர் கம்பியை வெட்டி எடுத்தார். தூரப் பயணம் தாங்காது என்று சொல்லி, உங்கள் கொட்டிலிலேயே வைத்துப் பார்க்க முடிவானது. அதே படங்குகளில் ஏற்றித்தான் தூக்கி வந்தோம். கூண்டுக்குப் பலகை அடித்தது என் வீட்டுக்காரர். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகவே சுத்தியலோடு வந்து நின்றார். நீங்கள் அன்று சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் வந்தாரோ என்னவோ. பிறகு நீங்கள் போகும்வரை உங்கள் மரக்காலையின் கூண்டு வேலை முழுதும் அவருடையது.

சிறுத்தை முதலில் இறைச்சியைத் தொடவே இல்லை. நீங்கள் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டு கூண்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். "பாத்தா பயப்படும். பாக்காம பக்கத்தில இருந்தாப் போதும்" என்றீர்கள். ஒரு மத்தியானம் பின்னால் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

காயம் ஆறியதும் காட்டோரம் கொண்டுபோனோம். கூண்டுக் கதவின் கயிற்றை யார் கையில் கொடுப்பது என்று டாக்டர் கேட்டபோது, நீங்கள் என் வீட்டுக்காரரைக் காட்டினீர்கள். அவர் இழுத்தார். அது ஒரு கணம் நின்று, பிறகு புதருக்குள் போய்விட்டது. நாம் அதை மறுபடி காணவே இல்லை. அவர் கயிற்றை விடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

அவர்தான் கட்டினார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன். நீங்கள் கிளிக்குப் பப்பாசி நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். "எப்பிடிக் காயப்பட்டாய் என்டு ஒரு மிருகத்திட்டயும் நான் கேட்டதில்ல. மனுசருக்கு மட்டும் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுத்த துண்டை நறுக்கினீர்கள்.

சீனி வியாதி உங்களைக் கொண்டுபோன அன்று அடக்கம் செய்ய ஆண்கள்தான் மையவாடிக்குப் போனார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கும்போது என் வீட்டுக்காரர் தள்ளி நின்றார், கிட்டப் போகலாமா என்று தெரியாமல். உங்கள் மூத்த மகன் அவரைப் பார்த்துவிட்டுத் தன் தோளை விலக்கி இடம் கொடுத்தார். பெண்கள் உள்ளே துஆ ஓதிக்கொண்டிருந்தார்கள். நான் கொட்டிலுக்குப் போய் எல்லாவற்றுக்கும் தண்ணீர் வைத்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த துஆ அதுதான். மிஞ்சிய உயிர்களை உங்கள் பிள்ளைகள் டாக்டர் சொன்ன இடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மரக்காலையில் இப்போது தரைக்குப் பதிக்கும் மாபிள் விற்கிறார்கள்.

போன மாதம் எங்கள் மகன் கொழும்பிலிருந்து சொல்லாமல் வந்து நின்றான். அவன் வேலை செய்த கடையில் ஏதோ பிரச்சினை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். முகத்தைச் சுவருக்குத் திருப்பி உட்கார்ந்திருந்தான். நான் பதறிப்போய், "என்னடா செஞ்ச?" என்று கேட்க வாயெடுத்தேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"முதல்ல சாப்பிடட்டும்" என்றார். பிறகு மகனுக்குப் பக்கத்தில், அவனைப் பார்க்காமல், வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "தம்பி, நான் ஒண்ணும் கேக்கல. இனி என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லு. சேந்து செய்வோம்."

அவன் சோற்றைப் பிசைந்து பாதி சாப்பிட்டான். அப்புறம் தலை நிமிராமலே சொல்லத் தொடங்கினான். அவர் வாசலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.