பம்ப், அளவு, நேரம்

அன்புள்ள வரிசைக்காரிக்கு,

நலமா? அந்த ஊர்க் குளிராவது உன் வாயைக் கொஞ்சம் அடக்கியிருக்கிறதா? இவருக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. பயப்படாதே. நேற்று எழுந்து உட்கார்ந்து, தலையணை சரியில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார். குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் மனுஷன் தேறிவிட்டார் என்று அர்த்தம்.

கட்டிலருகே நம் ஆபீஸில் செய்த மருந்து பம்ப்தான் ஓடுகிறது. புது மோட்டார் வைத்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மோட்டார் விற்ற கம்பெனியே அதை இயக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருளையும் எழுதித் தந்தது. எந்த மோட்டாராக இருந்தாலும் நம் மென்பொருள் கூப்பிடும் முறை ஒன்றுதான்: பம்ப், அளவு, நேரம். அவர்கள் எழுதியதில் நேரம் முன்னால், அளவு பின்னால். இரண்டும் வெறும் எண்கள்தானே, தப்பைப் பிடிக்க வேண்டிய கம்பைலர் வாயே திறக்கவில்லை. சோதனையிலும் தேறிவிட்டது. என்ன போட்டுப் பார்த்தார்கள் தெரியுமா? பத்து மில்லி, பத்து நிமிடம்! இடம் மாறினால் எப்படித் தெரியும்? வார்டில் இரண்டு மில்லியை முப்பது நிமிடத்தில் கொடுக்கச் சொன்னால், முப்பது மில்லியை இரண்டே நிமிடத்தில் ஏற்றியிருக்கும்.

நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதே. மறுநாள் இவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மனம் எங்கோ இருக்க, டிரைவர் ஃபைல்களைத் திரையில் சும்மா புரட்டிக்கொண்டிருந்தேன். மற்ற டிரைவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்ததால் அந்த ஒரு வரி கண்ணை உறுத்தியது. திருத்தி, மறுபடி சோதித்துத்தான் வார்டுக்கு அனுப்பினோம்.

பழைய டிரைவர்களை நீ ஒவ்வொன்றாக வரிசைக்குக் கொண்டுவந்தபோது, "ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் போடுற?" என்று மேனேஜர் குதித்தாரே. "என்னைக்காவது அசந்துபோய்ப் படிக்கிறவங்களுக்காக சார்" என்றாய். அந்தச் சண்டையில்தான் வேலையையும் விட்டாய். அசந்துபோய்ப் படித்தது நான்தானடி. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்? மேனேஜர் இப்போது உன் நம்பர் கேட்டு என்னையே சுற்றிச் சுற்றி வருகிறார். கொடுக்கவா?

இவர் கண் விழித்த முதல் நாள், பம்ப்பைப் பார்த்தபடி நான் "பம்ப், அளவு, நேரம்" என்று முணுமுணுத்திருக்கிறேன். "என்ன மந்திரம் அது?" என்று கேட்டார் இவர். எல்லாவற்றையும் சொன்னேன். பம்ப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவள வரச் சொல்லு. நானே எழுந்துபோய்க் கதவத் திறக்கணும்" என்றார்.

நீ வருவதற்குள் நடந்துவிடுவார் என்கிறார் டாக்டர். நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வந்துவிட்டுப் போ.

உன் பக்கத்து நாற்காலிக்காரி