பதிவுத் தபாலில் போகாத மன்னிப்பு

முத்திரைத் தாள் தேடி மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்தபோது அந்த உறை கிடைத்தது. பதிவுத் தபாலுக்கென்று முகவரி எழுதி, ஒப்புகை அட்டையும் இணைத்து, அஞ்சலில் சேர்க்காமல் விட்ட உறை. அதன் மூலையில் உங்கள் கட்டைவிரல் பதிந்த அழுக்கு இன்னும் பழுப்பாக இருக்கிறது. அன்று நெல் மூட்டை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தீர்கள். உங்கள் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. அது குடியை விட்டவர்களான நம் கூட்டத்தின் ஏற்பாடு. நீங்கள் இறந்துவிட்டதால் அது காலாவதியாகிவிட்டதாக நான் கருதவில்லை.

நான் முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, நம் கூட்டம் நடக்கும் பள்ளிக்கூட அறையில் எட்டுப் பேர் இருந்தோம். நான் செஞ்சியில் இருபது ஆண்டு தொழில் செய்த வழக்கறிஞர். நீங்கள் நெல் விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்குபவர், என்னைவிடப் பதினொரு வயது இளையவர். தேநீர் ஊற்றியது நீங்கள்தான். எல்லோருக்கும் நிறைய, எனக்கு மட்டும் அரை டம்ளர். அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

“எனக்கு மட்டும் ஏம்பா பாதி?”

“கை ஆடுது சார். நெறைய ஊத்துனா சிந்தும். சிந்துச்சுன்னா வெக்கப்பட்டுக்கினு அடுத்த வாரம் வரமாட்டீங்க. குடிச்சிட்டு நீட்டுங்க, மறுபடி ஊத்தறேன். உங்க பங்கு எங்கயும் போவாது.”

எதையும் குறித்துவைக்கும் பழக்கமுள்ளவன் நான். ஆனாலும் உங்களை ‘நீ’ என்றழைத்தவன் எந்த வாரத்தில் ‘நீங்கள்’ என்று மாறினேன் என்பதற்கு என்னிடம் குறிப்பு இல்லை.

குடியிலிருந்து மீள நம் கூட்டம் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, நம்மால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாவது, அவர்களுக்கு நேராக ஈடு செய்வது. என் பட்டியலில் முதலில் இருந்தவர் தொண்டூரைச் சேர்ந்த ஒரு விதவை. கணவரின் நிலப் பங்குக்காக அவர்மீது நடந்த வழக்கில் நான் அவருடைய வழக்கறிஞர். “நீங்க வரவேணாம், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, வழக்கு கூப்பிடப்பட்ட நாளில் காலையிலேயே குடித்திருந்தேன். ஆஜராகவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி நிலம் போயிற்று. எனக்குக் காய்ச்சல் என்று அவரிடம் சொன்னேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து அவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம்தான் இந்த உறையில் இருப்பது. ‘நடந்ததற்கு வருந்துகிறேன், எனினும் இக்கடிதத்தால் எவ்விதச் சட்டப் பொறுப்பும் ஏற்கப்பட்டதாகக் கொள்ளலாகாது.’ என்னை உரக்கப் படிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு உறையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

“இது இன்னா சார் அட்ட?”

“அந்தம்மா வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து ஆகித் திரும்பி வரும்.”

“மன்னிப்பு கேக்கறதுக்கு எதுக்கு சார் கையெழுத்து? நாளைக்கி அந்தம்மா மேலயே கேஸு போடவா?”

சிரித்து ஓய்ந்தபின் கேட்டீர்கள்: “நெலம் திரும்பக் கெடைக்க வழி இருக்குதா?”

“தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். இவ்ளோ நாள் ஆனதுக்கும், அன்னிக்கி ஆஜராவாததுக்கும் காரணம் சொல்லணும்.”

“காரணம் இன்னா?”

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன்.

“அப்ப அத எழுதற எடம் இது இல்ல சார். அங்க எழுதுங்க.”

அதன் விளைவுகளை நான் அறிவேன். நீதிமன்றத்தில் அப்படியொரு பிரமாணப் பத்திரம் தாக்கலானால், என்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு அதுவே போதும், தொழிலே போகலாம். நீங்கள் வற்புறுத்தவில்லை, விட்டுவிடவும் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி ஒலிக்கும்.

“இன்னிக்கி?”

“குடிக்கல.”

“மனு?”

“எழுதல.”

“சரி. குடிக்காம இருங்க. எழுதிக்கலாம்.”

ஆறாவது வாரத்தில் தொண்டூர் போனோம். நீங்கள் வண்டியருகிலேயே நின்றுகொண்டீர்கள். காய்ச்சல் இல்லை, குடித்திருந்தேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“தெரியும் சார். அன்னிக்கி நான் சந்தைக்கி வந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுல கெடந்தீங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

வேறொரு வழக்கறிஞர் மூலம் மனு தாக்கலானது. ‘அன்று நான் மது அருந்தியிருந்த காரணத்தால் ஆஜராகவில்லை. மனுதாரர்மீது எந்தப் பிழையும் இல்லை’ என்ற என் வாசகம் படிக்கப்பட்டபோது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அன்றைய வேலையை விட்டுவிட்டு, தோள்துண்டை மடித்துக் கையில் பிடித்தபடி, வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள். அதன்பின் நான் திரும்பவில்லை, தேவைப்படவில்லை. மனு அனுமதிக்கப்பட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. என்மீது இதுவரை புகார் வரவில்லை. வந்தால் மறுக்கப்போவதில்லை.

சென்ற ஆடியில் நெஞ்சு வலியென்று படுத்த நீங்கள் எழவில்லை. உங்கள் வீட்டு வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்ற என்னிடம், எப்படிப் பழக்கம் என்று உங்கள் அண்ணன் கேட்டார். “ஞாயித்துக்கிழம ஒண்ணா டீ குடிப்போம்” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இப்போது தேநீர் ஊற்றுவது நான். சென்ற வாரம் புதிதாக ஒருவர் வந்தார். சட்டைப் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. அவர் தன் டம்ளரைப் பார்த்தார், அடுத்தவருடையதைப் பார்த்தார்.

“இன்னா சார், எனக்கு மட்டும் பாதியா?”

“குடிச்சிட்டு நீட்டுங்க” என்றேன். அவர் நீட்டும்வரை கெட்டிலை நான் கீழே வைக்கவில்லை.