கயிற்றில் ஒரு சுண்டு

மச்சான்,

இன்று துறையில் நனைந்த கயிற்றைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த உப்பு வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. அக்காவைக் கட்டியவர் சங்கு குளிக்க இறங்கினால் மேலே கயிறு பிடிப்பவன் மச்சினன்தான். அக்கா தாலிக்கு அவன்தானே காவல்! அடியிலிருந்து நீங்கள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் நான் மேலே இழுத்துவிடுவேன்.

பர்மாச் சண்டைக்குப் போனீர்கள். பக்கத்தில் குண்டு வெடித்து, இரண்டு காதும் போய்த் திரும்பி வந்தீர்கள். பென்ஷனுக்காகப் பட்டாள டாக்டர் முன்னால் நின்றபோது என்ன செய்தீர்கள்? அவர் வாயசைவைப் பார்த்தே கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில். "ஒண்ணுமில்லைய்யா, கல்லு மாதிரி இருக்கேன்!" தோணிக்கு ஆள் எடுக்கும் சம்மாட்டியிடம் நாம் எல்லாரும் சொல்கிற அதே பேச்சு. நோய் என்று சொன்னவனை எந்தச் சம்மாட்டி ஏற்றினான்? டாக்டரும் காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், குறையில்லை என்று எழுதிவிட்டார். எனக்கு வந்த கோபம் டாக்டர் மேலா உங்கள் மேலா என்றே தெரியவில்லை.

அக்காதான் விடவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "காதைப் பாக்காம என்ன பரிசோதனை? திரும்பப் பாக்கச் சொல்லி அப்பீல் போடுங்க."

"ஏளா, செவிடுன்னு நானே சொல்லிட்டா எவன் என்னைத் தோணியில ஏத்துவான்?"

"பிள்ளைகளுக்குக் கஞ்சி வேணுமா, வேண்டாமா?"

மறுபரிசோதனைக்கு நானும் கூட வந்தேன். இந்த டாக்டர் நிதானமானவர். உங்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிவிட்டுப் பின்னாலிருந்து கூப்பிட்டார். கை தட்டினார். நீங்கள் அசையவில்லை. என்னையும் கூப்பிடச் சொன்னார். "மச்சான்!" என்று கத்தினேன். ஐயோ, நீங்கள் திரும்பவே இல்லை. பென்ஷன் கிடைக்கும் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம், என்னால் முடியவில்லை. உங்கள் சட்டை முனையைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினேன். உடனே திரும்பினீர்கள்.

"என்னலே, முடிஞ்சிட்டா?" என்றீர்கள். பிறகு டாக்டரிடம் நீங்களே சொன்னீர்கள், "எனக்குக் காது கேக்கலய்யா."

பென்ஷன் வந்தது. சேதியும் துறை முழுக்கப் பரவியது. நீங்கள் பயந்தபடியே எந்தச் சம்மாட்டியும் உங்களை ஏற்றவில்லை. தோணிகள் புறப்படும்போது கரையில் நின்று பார்ப்பீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பிள்ளைகள் பசியில்லாமல் வளர்ந்தார்கள்.

கல்லறைத் திருநாளில் எல்லாரும் மெழுகுவர்த்தி ஏற்றி, தங்கள் ஆட்களிடம் பேசிப் பேசி அழுகிறார்கள். நான் வாயே திறப்பதில்லை. உங்களுக்குத்தான் கேட்காதே. உங்கள் மரக் குருசைப் பிடித்து மெல்ல ஒரு சுண்டு சுண்டிவிட்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நிற்கிறேன்.