கரையில் கட்டிய படகு

என் செல்ல மகளுக்கு,

அப்பாவின் படகை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். விற்க மாட்டேன். அது ஒன்றும் என்னிடம் சோறு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் ஏரிக்குப் போகிறோம். கையைப் பிடித்துத்தான் அவரை ஏற்ற வேண்டும். ஆனால் துடுப்பு கைக்கு வந்துவிட்டால் மனுஷன் பழைய ராஜாதான். படகுத்துறைக்காரர் கயிற்றை அவிழ்ப்பதில்லை. வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன். கட்டிய படகில் வியர்க்க விறுவிறுக்கத் துடுப்புப் போட்டுவிட்டு, "அக்கரை வந்தாச்சு, இறங்கு" என்பார். நானும் இறங்குவேன், இக்கரையில்.

தண்ணீர் என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால், சின்ன வயதில் நீ உட்காரும் பலகையில்தான் உட்காருகிறேன். உன் லைஃப் ஜாக்கெட்தான் போட்டுக்கொள்கிறேன். மேல் கொக்கி மட்டும் சேர மாட்டேன் என்கிறது.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. உங்கள் இருவர் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு அந்தச் சண்டையே நினைவில்லை. பல நாள் நான் யார் என்பதும் நினைவில்லை.

போன வாரம் படகில் ஏறி வெகுநேரம் துடுப்பைத் தொடவே இல்லை. "ஏறிட்டியா, கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் ஏறிட்டேங்க" என்றேன்.

"பாப்பா இன்னும் ஏறலையே" என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் உன் குரலில், "ஏறிட்டேன்பா" என்றேன்.

உடனே துடுப்பைப் போட்டார். அன்று அக்கரை சீக்கிரமே வந்துவிட்டது.

உன் அம்மா