சின்னவர் யாரிடம்?

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், அண்ணி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மனசு சௌக்கியமா என்று கேட்டால், இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். காகிதம் அழாது பார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். குட்டிக்கு இருமல் நின்றதா? இரவில் காலுறை போட்டுத் தூங்க வை, மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும். உன் அண்ணனுக்கு வயிறு சரியில்லை, ஆபீசில் உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிடுகிறான், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. மாடிக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அக்காவுக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் நம் பச்சைக் காரில் அவளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவேன் அல்லவா, வண்டி நின்றதிலிருந்து அவளும் வாசற்படி தாண்டவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்று தெரியுமே என்பாள். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி செத்துப்போச்சு என்று நான் போனில் புலம்பியபோது நீ என்ன சொன்னாய்? "அம்மா, நம்ம பழைய காருங்களைப் பத்தியெல்லாம் எழுதி அனுப்பும்மா, எழுதினா மனசு லேசாகும், குட்டிக்கும் படிச்சுக் காட்டுறேன்" என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நம் முதல் கார் பெரியவரைப் பற்றி எழுதினேன். கறுப்பு வண்டி, கிளம்புமுன் தொண்டையைச் செருமும், அதனால்தான் உன் அப்பா அந்தப் பெயர் வைத்தார். இடது பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும், எல்லோரும் வலது பக்கமாக ஏறி நகர்ந்து நகர்ந்து உட்கார வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து நர்ஸ் உடுப்போடு நான் அதை ஓட்டி வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். உன் அப்பா பக்கத்து சீட்டில் துணியும் கையுமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார். கடிகாரக் கடைக்காரர் அல்லவா, பானட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் அவருக்கு அத்துப்படி, ஸ்டியரிங்கை மட்டும் தொடவே மாட்டார். "ஓட்டுறது அவ, ஓட வைக்கிறது நான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

அடுத்து சீமாட்டி. வெண்ணெய் நிறம், மேகம் கறுத்தாலே நின்றுவிடுவாள், உன் அப்பா தன் மழைக்கோட்டை அவள் மூக்கில் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு நிற்பார். அவளை விற்ற பிறகு ஒருநாள் சிக்னலில் பார்த்துவிட்டு நீயும் அண்ணனும் "சீமாட்டி! சீமாட்டி!" என்று கத்தினீர்களே, உள்ளே இருந்த அம்மாள் தன்னைத்தான் கிண்டல் செய்கிறீர்கள் என்று முறைத்தாளே, அதையும் எழுதினேன். நீ படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னாய். மாப்பிள்ளையும் சிரித்தாராம். நன்றாகச் சிரித்திருப்பீர்கள்.

ஒன்றை மட்டும் அப்போது எழுதாமல் விட்டேன். உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பெரியவரை ஒருநாள் சினிமா கொட்டகை வாசலில் இருந்து எவனோ திருடிக்கொண்டு போனான். நாம் அழுதுகொண்டே நடந்து வந்தால், இரண்டு தெரு தள்ளி பாலத்து மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நிற்கிறது, திருடனைக் காணோம். மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் சிரித்துவிட்டோம், உன் அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வெளியே எங்கே வண்டியை நிறுத்தினாலும் பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரோட்டரைப் பிடுங்கி எடுத்துவிடுவார். கைக்குள் அடங்குகிற சாமான், தலையில் ஒரு பித்தளைத் தகடு. அது இல்லாவிட்டால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அதற்கு நாம் வைத்த பெயர் சின்னவர், பின்னால் வந்த வண்டிகளிலும் அதே பெயர்தான். உன் அண்ணனிடம் ஒருமுறை கொடுத்தார், அவன் கால்சட்டைப் பையோடு சலவைக்குப் போட்டுவிட்டான். அதன் பிறகு அது உன் வேலை. கூட்டத்தில் அப்பா திரும்பித் திரும்பி, "சின்னவர் யார்கிட்ட?" என்பார், நீ உள்ளங்கையை விரித்துக் காட்டி "என்கிட்ட!" என்பாய். ஒரு கல்யாண வீட்டில் நீ பாயில் தூங்கிவிட்டாய், தூக்கத்திலும் அந்தக் கை திறக்கவில்லை. உன் அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார், எடுத்துவிட்டு என்னைப் பார்த்து, "இவகிட்ட எதை வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ லீவுக்கு வந்திருந்தபோது நான் பச்சையை ரிவர்ஸ் எடுக்கையில் குட்டியின் மூன்று சக்கர சைக்கிள் நசுங்கியது. உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. குட்டி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், ஆனாலும் உன் முகம் வெளிறிப்போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். நீயோ நசுங்கியதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாய். மறுநாள் ஏர்போர்ட்டுக்கு, "பெட்டியெல்லாம் பெருசும்மா, பச்சையில வைக்க முடியாது" என்று வாடகைக் கார் கூப்பிட்டாய். கல்யாணமாகி நீ முதன்முதலில் கிளம்பியபோது அதே பெட்டிகளைப் பச்சையின் தலையில் கட்டிக்கொண்டு போனவள் நான். கிளம்பும்போது கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாய். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

நீ போன பிறகு பச்சை கர் கர் என்று சுற்றுகிறது, பற்றவில்லை. நம் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஸ்குரூடிரைவரை எஞ்சினில் வைத்து அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பதால் நாம் டாக்டர் என்று கூப்பிடுவோமே, அவர்தான். வந்தார், ஓடாத எஞ்சினில் ஸ்குரூடிரைவரை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "உள்ள எல்லாம் தேஞ்சுபோச்சும்மா, இனிமே சாமானும் வராது, நிம்மதியா விட்டுடுங்க" என்று கைவிரித்துவிட்டார். உன் அப்பா போன பிறகு வண்டிக்கு எல்லாம் அவர்தான், அவர் சொன்ன பிறகு மூடியைத் திறந்து பார்ப்பது அவரைச் சந்தேகப்பட்டதாகும் என்று நான் திறக்கவில்லை. காலையில் காபியை எடுத்துக்கொண்டு பச்சைக்குள் போய் உட்காருவேன். உன் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கடைசியாக அழைத்துப் போனதும் அதில்தான், "மெதுவா போ, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த சீட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வான். அம்மா படும் பாட்டைப் பார்க்கத் தாங்கவில்லை போலும் என்று உருகிப்போனேன்.

கடைசியில் எனக்கு விஷயத்தைச் சொன்னது யார் தெரியுமா? உன் அண்ணி. மருமகள் என்னிடம் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள் என்று உன்னிடம் எத்தனை தடவை குறை சொல்லியிருப்பேன், அதே அண்ணிதான். போன வாரம் துணி காயப்போட வந்தவள் வண்டிக்குள் என்னைப் பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். "அத்தை, எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரே ஒரு தடவை நீங்களே மூடியைத் தொறந்து பாத்துடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள். நான் இறங்கி பானட்டைத் தூக்கினேன். எல்லாவற்றின் மேலும் தூசி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மட்டும் தூசி குறைவு. கிளிப்பைத் தள்ளி மூடியை எடுத்தேன். சின்னவர் இல்லை.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை மகளே. உலகத்தில் எத்தனையோ விதமாக ஒரு காரை நிறுத்தலாம். வயரைப் பிடுங்கலாம், பேட்டரியைக் கழற்றலாம், சாவியை ஒளிக்கலாம். சின்னவரை எடுக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் மட்டும்தான் இருந்தோம், அதிலும் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்குமே, அந்த மாதிரி என் வண்டியின் உயிர் உன் கைப்பைக்குள் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அரக்கி நான்.

டாக்டரைக் கூப்பிட்டனுப்பினேன். திறந்த மூடியைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டார். "பாப்பாதாம்மா போன் பண்ணுச்சு. அம்மா நல்லதுக்குத்தான்னு அழுதுச்சு, என்னால மறுக்க முடியல" என்றார். சாயங்காலம் உன் அண்ணனைக் கேட்டால், "அவதாம்மா ஐடியா குடுத்தா, நான் வாயைத் தொறக்கல, அவ்வளவுதான்" என்கிறான். வாயைத் திறக்காததுதான் பெரிய யோக்கியதை போல. ஆக வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஓடாத வண்டியில் உட்கார்ந்து காபி குடித்தவளுக்கு மட்டும் தெரியாது.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நசுங்கிய சைக்கிளை நானும்தான் பார்த்தேன். "அம்மா, நீ இனிமே ஓட்டாதே" என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. நான் சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை சாப்பிடாமல் படுத்திருப்பேன், நீ யாருடி எனக்குச் சொல்ல என்று கத்தியிருப்பேன். பிறகு சாவியைக் கொண்டுவந்து நானே உன் கையில் கொடுத்திருப்பேனோ என்னவோ. அந்த வாய்ப்பை நீ எனக்குத் தரவில்லை. அது கூடப் பரவாயில்லை. போனில் நான் அழுதபோது கூடவே அழுதாயே, "வண்டிக்கும் வயசாகும்தானேம்மா" என்றாயே, அப்போது சின்னவர் உன் மேசை டிராயரில் இருந்தாரா, அலமாரியில் இருந்தாரா? நான் பெரியவரைப் பற்றியும் சீமாட்டியைப் பற்றியும் எழுதி அனுப்பியதை எடுத்து வைக்கும்போது அவர் பக்கத்திலேயா வைத்தாய்? இதுதான் எனக்கு ஆறவில்லை. யாரும் நம் வண்டியை நம்மிடமிருந்து கொண்டுபோய்விடக் கூடாது என்றுதான் உன் அப்பா அதை உன் கையில் கொடுத்தார்.

டாக்டர் எங்கேயோ தேடி வேறொரு ரோட்டரும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் கொண்டுவந்தார். பொருத்துகிறேன் என்றார், நான் விடவில்லை. முந்தானையால் துடைத்து நானே பொருத்தினேன். இரண்டாவது தடவையே பச்சை பற்றிக்கொண்டாள், ஒன்றும் தேயவில்லை. அண்ணியை இறங்கி நின்று பின்னால் பார்க்கச் சொல்லித்தான் ரிவர்ஸ் எடுத்தேன், இனிமேல் எப்போதும் அப்படித்தான், இதைக் குட்டியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடவும் பச்சையில்தான் போகப்போகிறேன். பின்சீட்டில் டைப்பிஸ்ட் அக்கா இப்போதே ஏறி உட்கார்ந்துகொண்டு ஹாரனை அடிக்கச் சொல்லி அண்ணியைத் தொந்தரவு செய்கிறாள்.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. வண்டியை நம் வீட்டு வாசலுக்குள் நிறுத்தினாலும் இப்போது நான் பானட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றி என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறேன். உன் அப்பா வெளியாட்களுக்குப் பயந்து கழற்றினார். நான் வீட்டு ஆட்களுக்குப் பயந்து கழற்றுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் இதில் எனக்கு மாற்றமில்லை. முதுகுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொள், குனிந்து பெட்டி தூக்காதே. ஞாபகமாக ஒன்று: உன்னிடம் இருக்கும் சின்னவரைத் தபாலில் அனுப்பிவிடாதே, அண்ணனிடம் சொல்லி வேறு ஏற்பாடும் செய்யாதே. அடுத்த லீவுக்கு நீயே கொண்டு வா. ஏர்போர்ட்டுக்கு நான் பச்சையில் வருவேன். உன் பெட்டிகளை வைப்பதற்கு முன்னால் உன்னைப் பார்த்து, "சின்னவர் யார்கிட்ட?" என்று கேட்பேன். அப்பாவுக்குக் காட்டிய மாதிரி கையை விரித்துக் காட்டு. என்னால் இனி ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
கோபமும் பாசமும் குறையாத
உன் அம்மா