காய்ச்சல் என்று சொன்னோம்

சாய்ந்தமருது,
07.03.1981

அன்பான காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, உங்கள் மச்சான், பிள்ளைகள், நான் எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். சுகம் விசாரித்தது போதும், இனி என் கோபத்தைக் கேளுங்கள்.

நீங்கள் அனுப்பிய பெயர்ப்பலகை சென்ற மாதம் கொழும்பு பஸ்ஸின் கூரையில் வந்து இறங்கியது. ஆறடி நீளம். 'உயிர்த்துணைச் சங்கம், தற்கொலைத் தடுப்பு நிலையம், கல்முனைக் கிளை' என்று சிவப்பு எழுத்து. கல்முனை பஸ் நிலையத்திலிருந்து மச்சானின் புடவைக்கடை வரைக்கும் இரண்டு பேர் அதைத் தோளில் சுமந்து வந்தார்கள். கடைத்தெருவே நின்று வாசித்தது. மையத்தைத் தூக்கி அடக்கப் போவதுபோல் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள் என்று மச்சான் சொல்கிறார்.

கடையின் மேல்மாடியில் அதை மாட்டி மூன்று வாரம் ஆகிவிட்டது. இதுவரை படியேறி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆயுள் காப்புறுதிக் கந்தோர் என்று நினைத்து வந்தவர். மற்றவர் குறை சொல்ல வந்த பக்கத்துக் கடை முதலாளி. கல்யாணச் சாரி எடுக்க வருகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம்.

காக்கா, நீங்கள் இந்த ஊரில்தான் பிறந்தீர்களா? பஸ் நிலையத்துக்கு எதிரே, நூறு கண் பார்த்திருக்க, அந்தப் பலகைக்குக் கீழால் எந்தப் பிள்ளை ஏறி வரும்? ஏறினால் அஸர் தொழுகைக்கு முன்னால் கதை அக்கரைப்பற்றுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச யார் வருவார்கள்?

அதனால் நேற்று அதைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அறிக்கை எழுதுவதற்கென்று நீங்கள் அனுப்பிய டைப்ரைட்டர் சும்மாதானே கிடக்கிறது? 'தட்டெழுத்து வகுப்பு' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். கத்த நினைத்தால் கத்துங்கள்.

தம்பி முத்தலிப் மௌத்தாகி ஐந்து வருடம். அவனுடைய நாற்பதாம் கத்தம் முடிந்த கையோடு கொழும்புக்குப் போனீர்கள், இந்தச் சங்கத்தில் சேர்ந்தீர்கள், என்னையும் சேர்த்துவிட்டீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. அவனைப் போல் இன்னொரு பிள்ளை போகக் கூடாது என்றுதான் நானும் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் அந்த அறையைத் திறக்கிறேன். ஆனால் யாரும் வராத அறையால் யாருக்கு என்ன பலன்?

இன்னுமொன்று. உங்கள் கடிதத்தை வழக்கம்போல் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பலகை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். உம்மாவின் முழங்காலைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்கு எழுத்துத் தெரியாதது உங்கள் நல்ல காலம். 'உம்மாவின் கால் எப்படி, தைலம் பூசுகிறாரா' என்று நானே சேர்த்து வாசித்தேன். உங்கள் பாசத்தைக்கூட நான்தான் இட்டுக்கட்ட வேண்டியிருக்கிறது.

வஸ்ஸலாம்.
தங்கச்சி,
கமீலா


கொழும்பு 10,
19.03.1981

அன்பின் தங்கச்சி கமீலாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஒன்றைச் செய்யச் சொன்னால் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்வாய், பிறகு சொன்னவனையே ஏசுவாய்.

பலகை என் சொந்த விருப்பம் அல்ல, செயற்குழுவின் தீர்மானம். நாட்டிலுள்ள பன்னிரண்டு கிளைகளிலும் ஒரே பலகை. தட்டெழுத்துப் பொறியும் சங்கத்தின் உடைமை. அதில் வகுப்பு நடத்தலாமா என்று யாரிடம் கேட்டாய்?

சரி, போகட்டும். வருகிறவர்களின் விபரத்தை மாதாமாதம் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும். பெயர், வயது, முகவரி, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று ஐந்து நிரல். ஒன்றும் வெறுமையாக இருக்கக் கூடாது. இதனுடன் பத்துப் படிவமும் மூன்றாம் இலக்கச் சுற்றுநிருபமும் வருகின்றன. சுற்றுநிருபத்தை மனம் வைத்துப் படி.

சித்திரை விடுமுறைக்கு வர முடியாது. குருநாகலில் கூட்டம். உம்மாவுக்கு ஸலாம் சொல்லவும். கால் வலிக்குத் தைலம் பூசச் சொல்லவும். இதோ, நானே எழுதிவிட்டேன்.

உன் காக்கா,
ஆ. கலந்தர்


சாய்ந்தமருது,
11.04.1981

அன்பான காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். தைலத்துக்கு நன்றி. நான் சொல்லிக் கேட்டு எழுதிய தைலம்தான், இருந்தாலும் உம்மாவின் முகம் மலர்ந்தது.

வகுப்பில் இப்போது பதின்மூன்று பேர். பையன்கள் ஒன்பது, பெண்பிள்ளைகள் நாலு. டைப்ரைட்டர் ஒன்றே ஒன்று. ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் நீள வாங்கில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்குமா? உயர்தரப் பரீட்சையில் இரண்டு முறை தவறியவன், வேலைக்கு விண்ணப்பம் போட்டுச் சலித்தவன், நின்றுபோன கல்யாணத்துக்காக வீட்டில் தினமும் ஏச்சுக் கேட்கிறவள் என்று எல்லாம் அந்த வாங்கில்தான் வெளியே வருகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். சொல்லிக் கொடுப்பது கொஞ்சம், கேட்பதுதான் அதிகம்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். வயது இருபது. தன் உயிரைத் தானே முடிக்கப் பார்த்து, ஆஸ்பத்திரியில் கிடந்து தப்பி வந்தவன். ஊருக்கு வயிற்றுவலி என்று தாய் சொல்லியிருக்கிறார். படியில் வைத்து என் காதோடு உண்மையைச் சொல்லிவிட்டு, 'டைப்பிங் பழக்குங்க' என்று சத்தமாகச் சொல்லிக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் அவன் வாய் திறக்கவில்லை. உங்கள் சுற்றுநிருபத்தில் உருப்படியான வரி ஒன்று இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சுற்றி வளைக்காமல் நேராகக் கேள், கேட்பதால் கேடு வராது என்று போட்டிருந்தீர்கள். பதின்மூன்றாம் நாள் மற்றவர்கள் போன பிறகு கேட்டேன்.

"மௌத்தாகணும் எண்டு இன்னும் நினைப்பு வருதா, மகன்?"

காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னான். "வருது டீச்சர். இஞ்ச இரிக்கக்குள்ள வாறல்ல."

அவனைத் தனியே விடவில்லை. தாய் வரும்வரை கதைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மூன்று பேருமாகப் போய் டொக்டரைக் கண்டோம். இப்போது மாதம் இரண்டு முறை டொக்டரிடம் போகிறான், வெள்ளி தவிர ஒவ்வொரு நாளும் என்னிடம் வருகிறான்.

உங்கள் படிவம் இதனுடன் வருகிறது. மொத்தம் பதின்மூன்று என்று எழுதியிருக்கிறேன். பெயரும் முகவரியும் தர முடியாது. உயிரை விடப் பார்ப்பது சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியாதா? அந்தக் காகிதம் கைமாறிப் பொலிசுக்குப் போனால் என்ன செய்வது? ஊர் வாய்க்குப் போனால் அதைவிட மோசம். கத்துவதானால் இதற்கும் சேர்த்துக் கத்துங்கள்.

வஸ்ஸலாம்.
கமீலா


கொழும்பு 10,
24.04.1981

அன்பின் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் பிடிவாதத்தால் செயற்குழுவின் முன் நான் தலைகுனிந்து நிற்கிறேன். பெயர் இல்லாத அறிக்கையை யாரும் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து கற்பனையில் எழுதிய கணக்கு என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். மே மாதம் முப்பத்தோராம் தேதிக்குள் முறையான படிவம் வராவிட்டால் கல்முனைக் கிளை மூடப்படும். தட்டெழுத்துப் பொறியை பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

அந்தப் பையனை நீ பார்த்துக்கொண்ட விதம் எனக்குப் பெருமைதான். ஆனால் கமீலா, ஒன்றை யோசி. ஊருக்குப் பயந்து ஒளிக்கிறோமே, அந்த ஒளிப்புத்தான் இந்தப் பிள்ளைகளைக் கொல்கிறது. வயிற்றுவலி என்று சொல்கிற வரைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளை தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கும். யாராவது ஒரு குடும்பம் துணிந்து உண்மைப் பெயரை எழுத வேண்டும். மூன்றாம் இலக்கச் சுற்றுநிருபத்தில் நான் எழுதியிருப்பதும் இதுதான்.

பிடிவாதத்தை விட்டுப் படிவத்தை நிரப்பு. உம்மாவுக்கு ஸலாம்.

கலந்தர்


சாய்ந்தமருது,
06.05.1981

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. உம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டவில்லை. கடிதம் வரவில்லை என்று பொய் சொன்னேன். உங்களால் நான் சொல்கிற பொய்களுக்கு ஒரு முடிவே இல்லை.

யாராவது ஒரு குடும்பம் துணிய வேண்டும் என்று எழுதினீர்கள். எந்தக் குடும்பம் என்று நினைத்து எழுதினீர்கள்? வயலில் கூலிக்கு அறுத்து வயிறு கழுவுகிற அந்தத் தாயா? நின்றுபோன கல்யாணத்தோடு இருக்கிற அந்தக் குமர்ப்பிள்ளையா? ஊராரின் பிள்ளைகளைப் பெயர் எழுதச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது, காக்கா?

இத்துடன் ஒரு படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். ஐந்து நிரலும் நிறைந்திருக்கிறது. ஒன்றும் வெறுமையாக இல்லை. தபாலில் எங்கேயாவது தொலைந்துவிடும் என்ற பயத்தில் இங்கேயும் எழுதுகிறேன்.

பெயர்: ஆதம்பாவா முத்தலிப்.

வயது: பத்தொன்பது.

முகவரி: நமது வீடு.

பிரச்சினை: பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அது மட்டும்தானா என்று தெரியாது. ஒருவரும் கேட்கவில்லை.

எடுத்த நடவடிக்கை: ராத்தா கமீலாவிடம் வந்து, கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள், பிறகு வா என்றாள். காக்காவிடம் போனான். அடுத்த முறை எழுதிப் பார்க்கலாம், இப்போது அதைப் பற்றிக் கதைக்காதே என்றார். மௌத்தான பிறகு காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. சொன்னவர் மூத்த காக்கா.

ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். பள்ளிவாசலில் அவனுக்குத் தொழுவிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம். என் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம், அது நின்றுபோகும் என்ற பயம். எல்லாம் எனக்காகவும்தான் செய்தீர்கள், தெரியும். அந்தக் காய்ச்சலின் மேல் கட்டியெழுப்பிய வாழ்க்கைதான் என்னுடையது. இதைப் பழி போட எழுதவில்லை. அன்றைக்கு நம் இருவருக்கும் கேட்கத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நீங்கள் ஐந்து வருடத்தில் இரண்டே முறை வந்தீர்கள். வந்த அன்றே பின்னேர பஸ்ஸில் திரும்பினீர்கள். அவன் பெயரை உம்மாவின் முன்னால் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய்க் கேட்கப் பழக்குகிறீர்களே, உங்கள் உம்மாவிடம் என்ன கேட்டீர்கள்?

தபாலில் போடுமுன் படிவத்தை மச்சானிடம் காட்டினேன். ஐந்து வருடமாக அவரிடம் மறைத்ததற்கு என்ன சொல்வாரோ என்று பயந்தேன். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'பதிவுத் தபாலில் அனுப்பு' என்றார்.

அனுப்புகிறேன். செயற்குழுவுக்குக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம். என்னிடம் தருவதற்கு உள்ள ஒரே பெயர் இதுதான்.

கமீலா


கொழும்பு 10,
20.05.1981

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு சொல்லும் விடாதே, ஒரு சொல்லும் சேர்க்காதே.

உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். முத்தலிப் காய்ச்சலில் மௌத்தாகவில்லை. தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். நான்தான் காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கு நாலு நாள் முன்னால் முத்தலிப் என்னிடம் வந்தான், நான் அவனைக் கதைக்க விடவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் வாய் தவறி உண்மை வந்துவிடும் என்ற பயத்தில்தான் நான் வீட்டுக்கு வராமல் இருந்தேன். வேலை என்று எழுதியதெல்லாம் சாட்டு. உங்கள் கால் வலியைப் பற்றி நான் முதன்முதலாகக் கேட்டது மார்ச் மாதம். அதற்கு முன்னால் கேட்டதெல்லாம் கமீலா.

சென்ற சனிக்கிழமை செயற்குழுவில் அந்தப் படிவத்தை நானே எழுந்து வாசித்தேன். தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தை வைத்தேன். பிறகு தலைவர், பெயர் நிரலையும் முகவரி நிரலையும் எல்லாக் கிளைகளின் படிவத்திலிருந்தும் எடுத்துவிடச் சொன்னார். கல்முனைக் கிளை நடக்கும். பலகை சுவர்ப்பக்கமே இருக்கட்டும்.

உம்மா, நான் வந்தால் முகம் பார்ப்பீர்களா என்று தெரியவில்லை. மாட்டேன் என்றால் அதையும் கமீலாவிடம் சொல்லி எழுதுங்கள். என்னை மாப்புச் செய்யுங்கள்.

உங்கள் மகன்,
கலந்தர்


சாய்ந்தமருது,
29.05.1981

அன்பான காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கடிதம் நேற்றுக் காலை வந்தது. சொன்னபடியே வாசித்தேன். எத்தனையோ இடத்தில் எதையாவது சேர்க்க வேண்டும்போல் நாக்குத் துடித்தது. சேர்க்கவில்லை.

உம்மா அழவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்.

"அண்டைக்குக் காலையில அவன்ட தலைக்கு எண்ணெ வெச்ச கை இது. காய்ச்சலெண்டா எனக்குத் தெரியாதா?"

ஐந்து வருடமாகத் தெரிந்திருக்கிறது, காக்கா. மூத்தவன் தாங்கமாட்டான், கமீலாவின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று எண்ணி அவர் நமக்காக வாய் மூடியிருந்திருக்கிறார். அவருக்காக நாம் மூடியிருந்தோம். ஒரே வீட்டில் மூன்று பேர்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரை ஏசுவதென்றே தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சட்டி பானையை உருட்டிவிட்டு, அழுது முடித்துத்தான் திரும்பி வந்தேன்.

அந்தப் பையன் நேற்றும் வகுப்புக்கு வந்தான். டைப்ரைட்டர் நம்மிடமே இருக்கும் என்று எல்லோருக்கும் சொன்னேன். அவன் புதிதாக வந்த பெண்பிள்ளைக்கு வாங்கில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தான்.

உங்கள் கேள்விக்கு உம்மா தந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: "வாறதெண்டா இரிக்கிறத்துக்கு வரச் சொல்லு. பின்னேர பஸ்ஸுக்குப் போறதெண்டா வரவேணாம்."

அதோடு விட்டாரா? கடிதத்தை மறுபடியும் எடுக்கச் சொன்னார், முத்தலிப்பின் பெயர் வருகிற இடத்திலிருந்து. இந்த வீட்டில் யாரும் அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஐந்து வருடமாகிறதாம். நேற்று நாலு முறை வாசித்தேன். இன்று சுபஹு தொழுததிலிருந்து இரண்டு முறை ஆகிவிட்டது. இதை எழுதும்போதே, வா மகள், வாசி என்று கூப்பிடுகிறார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிறது. மிச்சத்தை நீங்கள் வந்து வாசியுங்கள்.

வஸ்ஸலாம்.
தங்கச்சி,
கமீலா